இரு மக்களுக்கும் ஒரே நாடு: காந்தியடிகளுக்கு மடல் எழுதிய யூத அறிஞர் மார்ட்டின் பூபர்

யூத தேசிய இயக்கத்தின் தொடக்ககாலச் சிந்தனையாளர்களுள் ஒருவராக இருந்துகொண்டே, பாலஸ்தீன மண்ணில் அரேபியருக்கும் சம உரிமை உண்டென இறுதிவரை வாதாடியவர் தத்துவ அறிஞர் மார்ட்டின் பூபர்.

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் 1878 பிப்ரவரி 8 அன்று பிறந்தார். பெற்றோர் பிரிந்ததால், இன்று உக்ரைனில் உள்ள லிவிவ் நகரில், யூத மறைநூல் ஆய்வாளரான தாத்தா சாலமன் பூபரின் இல்லத்தில் வளர்ந்தார். 1898-ல் சியோனிச இயக்கத்தில் இணைந்து, 1901-ல் அதன் வார இதழுக்கு ஆசிரியரானார். எனினும், அரசு அமைப்பதைக் காட்டிலும் யூதப் பண்பாட்டின் மறுமலர்ச்சியே முதன்மையானது எனக் கருதியதால், இயக்கத் தலைவர் தியோடர் ஹெர்சலுடன் விரைவிலேயே முரண்பட்டார்.

1921-ல் கார்ல்ஸ்பாட் நகரில் நடைபெற்ற சியோனிச மாநாட்டில், அரேபியருடன் நல்லுறவு பேணக் கோரும் தீர்மானத்தை முன்வைத்தார். குழுவில் திருத்தத்துக்கு மேல் திருத்தம் செய்யப்பட்டு, நிறைவேறியபோது அது அவரது தீர்மானமாகவே இல்லை. 1923-ல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த நானும் நீயும் என்ற நூல் அவருக்கு உலகப் புகழைத் தேடித் தந்தது. எதிரில் இருப்பவரை ஒரு பொருளாகக் கருதாமல் மனிதராக எதிர்கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம். அவரது அரசியலை இந்நூலிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது.

ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-ல் பிராங்பர்ட் பல்கலைக்கழகப் பதவியைத் துறந்த பூபர், 1938-ல் தமது 60-ஆம் வயதில் ஜெருசலேமில் குடியேறினார். அதே ஆண்டு நவம்பரில் ஹரிஜன் இதழில் வெளியான காந்தியடிகளின் கட்டுரை அவரை வருத்தியது. ஜெர்மன் யூதர்கள் சத்தியாகிரகத்தைக் கைக்கொள்ள வேண்டும் எனவும், பாலஸ்தீனம் அரேபியருக்கே உரியது எனவும் காந்தியடிகள் அதில் கூறியிருந்தார். காந்தியடிகளைப் பெரிதும் மதித்த பூபர், 1939 பிப்ரவரியில் நீண்ட மடல் ஒன்றை எழுதினார். தென்னாப்பிரிக்க இந்தியரின் நிலையை நாஜி வதைமுகாம்களில் அடைபட்டோரின் நிலையுடன் ஒப்பிட இயலாது என்றார். அரேபியரின் உரிமையை அவர் மறுக்கவில்லை. இரு தரப்பு உரிமைகளையும் இணங்கச் செய்யும் வழியே தேவை என வாதிட்டார். பதில் ஏதும் வரவில்லை.

1942-ல் எபிரேயப் பல்கலைக்கழகத் தலைவர் யூதா மாக்னஸ் உள்ளிட்டோருடன் சேர்ந்து இஹுத் என்ற அமைப்பை நிறுவினார். பிரிவினை கூடாது, இரு மக்களும் சம அதிகாரத்துடன் ஆளும் ஒரே அரசு வேண்டும் என 1946-ல் ஆங்கிலோ-அமெரிக்க விசாரணைக் குழுவின் முன் இருவரும் வலியுறுத்தினர். இத்திட்டத்தின் பலவீனம் வெளிப்படையானது. மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினராக இருந்த அரேபியருக்குச் சமபங்கு என்பதே இழப்பாகத் தோன்றியது. யூதத் தலைமைக்கோ அது தனியரசைக் கைவிடுவதாகப் பட்டது. உடன்பட முன்வந்த அரேபியத் தலைவர் ஃபவ்ஸி அல்-ஹுசைனி, யூத-அரபு நல்லிணக்கக் கழகத்துடன் உடன்படிக்கை செய்துகொண்ட சில நாள்களிலேயே, 1946 நவம்பரில் படுகொலை செய்யப்பட்டார்.

1948-ல் இஸ்ரேல் உருவானபோது சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்தனர். புதிய அரசை ஏற்றுக்கொண்ட பூபர், அகதிகள் பிரச்சினையில் இஸ்ரேலே முதலடி எடுத்துவைக்க வேண்டும் எனப் பிரதமர் டேவிட் பென் குரியனிடம் 1949-ல் நேரில் வலியுறுத்தினார். நாஜி அதிகாரி ஐக்மனுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையையும் அவர் எதிர்த்தார். இதனால் நாட்டில் பலரின் சினத்துக்கு ஆளானார்.

1965 ஜூன் 13 அன்று தமது 87-ஆம் வயதில் ஜெருசலேமில் காலமானார். அரபு மாணவர்கள் அவருக்கு மலரஞ்சலி செலுத்தினர். இஸ்ரேலின் அரபுக் குடிமக்கள் மீது விதிக்கப்பட்டு, பூபர் நெடுங்காலம் எதிர்த்துவந்த ராணுவ நிர்வாகம் அதற்கு அடுத்த ஆண்டு விலக்கிக்கொள்ளப்பட்டது.