வேட்புமனு செல்லுமா, செல்லாதா? எம்.ஜி.ஆரின் வாழ்க்கை சொல்லும் விதிகள்

தேர்தல் நேரத்தில் பரிசீலனை நாள் வந்தாலே மொபைலில் நோட்டிஃபிகேஷன் கொட்டும். இவர் மனு ஏற்பு, அவர் மனு நிராகரிப்பு, இன்னொருவர் மனு நிறுத்திவைப்பு. இதையெல்லாம் யார், எந்த அடிப்படையில் முடிவு பண்றாங்க?

சட்டப் புத்தகத்தைப் புரட்டுவதைவிட, எம்.ஜி.ஆரின் வாழ்க்கையைப் புரட்டினால் சுலபமாகப் புரியும். மருத்துவமனையில் இருந்தபடியே இரண்டு முறை வேட்பாளரானவர் அவர். இரண்டு முறையும் ஜெயித்தார்.

இலங்கையில் பிறந்தவர் இங்கே போட்டியிடலாமா?

1917 ஜனவரி 17 அன்று இலங்கையில் கண்டிக்கு அருகே நாவலப்பிட்டியில் பிறந்தார் எம்.ஜி.ராமச்சந்திரன். அப்பா கோபாலன் மேனன் சீக்கிரமே இறந்துவிட, அம்மா சத்தியபாமா பிள்ளைகளோடு கும்பகோணம் வந்தார். சிறு வயதிலேயே நாடகக் கம்பெனி, 1936-ல் ‘சதிலீலாவதி’ மூலம் சினிமா, 1953-ல் தி.மு.க.

பிற்காலத்தில் அவர் பிறந்த ஊர் அரசியல் மேடைகளில் பேசுபொருளானது. ஆனா சட்டம் கேட்கும் கேள்வி வேறு. குடிமகனா என்றுதான் அது கேட்கும், எங்கே பிறந்தார் என்று அல்ல. அரசமைப்புச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி, 1950-ல் இந்தியாவை நிரந்தர வசிப்பிடமாகக் கொண்டிருந்து, பெற்றோரில் ஒருவர் இந்தியாவில் பிறந்திருந்தாலோ, அதற்கு முன் ஐந்து ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருந்தாலோ குடிமகன்தான். எம்.ஜி.ஆர். விஷயத்தில் அதற்கு மேல் கேள்வி இல்லை.

குண்டடி பட்டவர் எப்படி உறுதிமொழி எடுப்பது?

1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் வீட்டில் எம்.ஆர்.ராதாவால் சுடப்பட்டார் எம்.ஜி.ஆர். அடுத்த மாதம் தேர்தல். பரங்கிமலைத் தொகுதிக்கான வேட்புமனு மருத்துவமனையிலிருந்தே வந்தது. கழுத்தில் கட்டுப் போட்ட படம்தான் பிரசாரம். 27,000-க்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

இங்கே ஒரு சுவாரசியமான விஷயம். இந்திய இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று வேட்பாளர் உறுதிமொழி எடுக்கும் விதி 1963-ல்தான் வந்தது. திராவிட நாடு கோரிக்கையை மனதில் வைத்தே 16-வது அரசமைப்புத் திருத்தத்தில் அது சேர்க்கப்பட்டது. அந்த விதி வந்த பிறகு நடந்த முதல் பொதுத்தேர்தலிலேயே தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது.

உறுதிமொழியை மனு தாக்கல் செய்த பிறகு, பரிசீலனை நாளுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். தவறினால் மனு போச்சு. நேரில் வர முடியாதவர்களுக்கு மாற்று வழி உண்டு. மருத்துவமனையில் இருப்பவர் அங்குள்ள பொறுப்பு மருத்துவர் முன்னும், சிறையில் இருப்பவர் சிறைக் கண்காணிப்பாளர் முன்னும், வெளிநாட்டில் இருப்பவர் இந்தியத் தூதரக அதிகாரி முன்னும் எடுக்கலாம்.

ஏழு மாதக் கட்சி, திண்டுக்கல் களம்

1972 அக்டோபரில் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டு அ.தி.மு.க.வைத் தொடங்கினார். தி.மு.க. எம்.பி. ராஜாங்கம் மறைந்ததால் திண்டுக்கல் மக்களவைத் தொகுதிக்கு 1973 மே 20-ல் இடைத்தேர்தல் நடந்தது. அப்போது கட்சிக்கு வயது ஏழு மாதம். வழக்கறிஞர் மாயத்தேவர் வேட்பாளர், இரட்டை இலை சின்னம். ஸ்தாபன காங்கிரஸ் இரண்டாவது, ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாவது. அ.தி.மு.க.வின் முதல் தேர்தல் வெற்றி அதுதான்.

கட்சி புதுசா, பழசா என்பது வேட்பாளரின் தகுதியைத் தொடாது. இன்றைய விதிப்படி அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான்.

புரூக்ளினிலிருந்து ஆண்டிபட்டி

1977-ல் முதல்வரான எம்.ஜி.ஆர்., 1984 அக்டோபரில் சிறுநீரகக் கோளாறு, பக்கவாதத்தால் படுத்தார். நவம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். டிசம்பர் 24-ல் வாக்குப்பதிவு. திண்டுக்கல்லைப் போலவே அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த ஆண்டிபட்டிதான் தொகுதி. வேட்பாளர் ஒரு நாள்கூட அங்கே கால் வைக்கவில்லை. உயிரோடுதான் இருக்கிறாரா என்றுகூட வதந்தி கிளம்பியது. மருத்துவமனையில் எடுத்த காட்சிகளை ஊர் ஊராகக் காட்டினார்கள். முப்பதாயிரத்துக்கும் அதிகமான வாக்குகளில் ஜெயித்தார்.

இவ்வளவு உடல்நலக் குறைவு தகுதியிழப்பு ஆகாதா? ஆகாது. மனநலம் சரியில்லை என்று உரிய நீதிமன்றமே அறிவித்திருந்தால்தான் தகுதியிழப்பு. நோய் ஒரு காரணமே அல்ல. சென்னையில் வசிப்பவர் ஆண்டிபட்டியில் நிற்கலாமா? சட்டமன்றத்துக்கு, மாநிலத்தின் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும்.

ஆனால் கையெழுத்து விஷயத்தில் சட்டம் கறார். 2016 திருப்பரங்குன்றம் இடைத்தேர்தலில், மருத்துவமனையில் இருந்த ஜெயலலிதாவின் கைரேகை கட்சிப் படிவங்களில் இருந்தது. அது வழக்காகி, அந்த வெற்றி செல்லாது என்று 2019 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சறுக்கிய இடம்

1986-ல் நடிகை வெண்ணிற ஆடை நிர்மலாவை மேலவைக்கு நியமிக்க முயன்றார் எம்.ஜி.ஆர். அவர் திவாலானவராக அறிவிக்கப்பட்டிருந்தார். அந்த நிலை நீங்காதவர் உறுப்பினராக முடியாது. விஷயம் நீதிமன்றம் போனது. கடனை அடைக்க எம்.ஜி.ஆர். உதவி, திவால் அறிவிப்பு ரத்தான பிறகும் நிர்மலா ஒதுங்கிக்கொண்டார். அந்த மே மாதமே மேலவையைக் கலைக்கத் தீர்மானம் வந்தது. நவம்பர் 1-ல் மேலவையே இல்லாமல் போனது.

சரி, ஆட்சேபணை எழுந்தால்?

முதலில் முடிவெடுப்பவர் தேர்தல் நடத்தும் அதிகாரி. திண்டுக்கல் மக்களவைத் தொகுதி என்றால் கலெக்டர். வேட்பாளர், ஏஜென்ட், முன்மொழிந்த ஒருவர், எழுத்துப்பூர்வமாக அனுமதி பெற்ற இன்னொருவர் என நான்கு பேர்தான் பரிசீலனைக்குள் போக முடியும். சின்னச் சின்னப் பிழைக்காக மனுவைத் தள்ளக் கூடாது. தள்ளினால் காரணத்தை எழுதியாக வேண்டும். பதில் சொல்ல அவகாசம் கேட்டால் அதிகபட்சம் இரண்டு நாள்.

உடனே கோர்ட்டுக்கு ஓட முடியுமா? முடியாது. நாமக்கல் தொகுதியில் மனு நிராகரிக்கப்பட்ட பொன்னுசாமி தொடுத்த வழக்கில், தேர்தல் முடியும்வரை நீதிமன்றம் தலையிடாது என்று 1952 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்றுவரை அதுதான் அடிப்படை.

முடிவு வந்து 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடலாம். ஒரு மனுவைத் தவறாக நிராகரித்தது நிரூபணமானால் தேர்தலே செல்லாது. தவறாக ஏற்றிருந்தாலோ, அது முடிவைப் பாதித்ததா என்றும் காட்ட வேண்டும். ஒருவரைத் தவறாகத் தடுப்பதைத்தான் சட்டம் பெரிய பிழையாகப் பார்க்கிறது.

எம்.ஜி.ஆர். 1985 பிப்ரவரியில் திரும்பி வந்து மூன்றாவது முறையாகப் பதவியேற்றார். 1987 டிசம்பர் 24 அன்று மறைந்தார். ஆண்டிபட்டி வாக்களித்து அன்றோடு சரியாக மூன்று ஆண்டுகள். வேட்பாளரின் உடல்நிலையை எடைபோடும் வேலையைச் சட்டம் அதிகாரியிடம் கொடுக்கவில்லை, வாக்காளரிடம் விட்டிருந்தது. அந்தத் தேர்தல் மனு போடும் உரிமையும் தோற்ற வேட்பாளருக்கு மட்டுமல்ல, அந்தத் தொகுதியின் எந்த வாக்காளருக்கும் உண்டு. உங்களுக்கும்தான்.