கொடுமுடிக்கு வந்த ஈரோட்டுக்காரர்

டிசம்பர் 22 வந்தா போதும், நம்ம டிபார்ட்மெண்ட் போர்டுல ராமானுஜன் படம் ஏறிடும். ஒரு வினாடி வினா, ஒரு பேச்சுப் போட்டி, கடைசியில 1729 கதை. கைதட்டு, சமோசா, கலைஞ்சு போயிடுவோம். அந்தக் கதையை நாம எப்பவும் பாதியில இருந்துதான் சொல்றோம்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு எண்ணம். முழுசா சொல்லிப் பார்க்கலாம் வாங்க. லாக்டவுன்ல பன்னிரண்டாம் வகுப்பையோ முதல் செமஸ்டரையோ செல்போன்ல கழிச்சவங்களுக்கு இது கொஞ்சம் பழக்கமான கதையாவே இருக்கும்.

மொதல்ல ஊர் விஷயம். கும்பகோணத்துக்காரங்க கோவிச்சுக்க வேண்டாம், அவர் பொறந்தது நம்ம ஈரோட்டுல. அம்மா கோமளத்தம்மாளின் அப்பா ஈரோடு முன்சீப் கோர்ட்டில் அமீனாக இருந்தவர். அந்தத் தாத்தா வீட்டில்தான் 1887 டிசம்பர் 22 அன்று ராமானுஜன் பிறந்தார். அப்பா சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு சேலைக் கடையில் கணக்கெழுதினார், மாதச் சம்பளம் சுமார் 20 ரூபாய்.

இரண்டு வயதில் பெரியம்மை வந்தது. அந்த வருடம் தஞ்சை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோன தொற்று அது. குழந்தை பிழைத்துக்கொண்டது, முகத்தில் தழும்பு மட்டும் தங்கிவிட்டது. அவருக்குப் பின் பிறந்த மூன்று குழந்தைகள் கைக்குழந்தையிலேயே இறந்தன. அன்றைக்கு எல்லா வீட்டிலும் இப்படித்தான். நம்ம கோவையில் இன்னும் இருக்கும் பிளேக் மாரியம்மன் கோயில்களைப் பார்த்தால் புரியும், ஒரு நோய் ஊரையே காலி செய்த காலம் ஒன்றும் ரொம்பப் பழசு இல்லை. நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாமல் வாழ்வது 2020இல் நமக்குத்தான் புதுசு.

பள்ளியில் எல்லாப் பாடத்திலும் நல்ல மாணவன். 1903இல் கார் என்பவர் தொகுத்த ஒரு கணிதத் தேற்றப் புத்தகம் கைக்கு வந்தது. வெறும் முடிவுகளின் பட்டியல், விளக்கம் ரொம்பக் கம்மி. அதை ஒவ்வொன்றாகத் தானே நிறுவிப் பார்க்க உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்போடு சேர்ந்தார். ஆங்கிலத்தில் தேறாததால் ஸ்காலர்ஷிப் போச்சு. கட்டணம் ஒரு டெர்முக்கு 32 ரூபாய், அதாவது அப்பாவின் ஒன்றரை மாதச் சம்பளம்.

1905 ஆகஸ்டில் யாரிடமும் சொல்லாமல் ரயிலேறி விசாகப்பட்டினம் போய்விட்டார். வயது 17. வீட்டில் தேடி அலைந்து, செப்டம்பரில் இந்து பத்திரிகையில் காணவில்லை என்று அறிவிப்பு வரும் அளவுக்குப் போனது. பிறகு திரும்பி வந்தார். இந்தப் பகுதியை நம்ம பேச்சுப் போட்டியில் யாரும் சொல்வதில்லை. ஒரு முதலாமாண்டு மாணவன், ஸ்காலர்ஷிப் போன பிறகு வீட்டை விட்டு ஓடிப்போனான் என்று சொன்னால் அது எந்த ஹாஸ்டலுக்கும் பொருந்தும் கதை.

1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மறுபடி முயற்சி. உடம்பு சரியில்லாமல் ஊர் திரும்பினார். 1907இல் எஃப்.ஏ. தேர்வில் கணிதம் தவிர மற்றவற்றில் தோல்வி. உடலியல் பாடத்தில் பத்து சதவீதம்கூடத் தேறவில்லை. அரியர் என்ற சொல் அப்போது இருந்ததா தெரியாது, விஷயம் இருந்தது. 2020 ஆகஸ்டில் கட்டணம் கட்டியிருந்தால் போதும், அரியர் பாஸ் என்று அரசு அறிவித்தபோது நம்ம சீனியர்கள் பேனர் கட்டிக் கொண்டாடினார்களே, அப்படி ஒரு வாய்ப்பு அவருக்கு இல்லைங்க. பட்டம் இல்லை, வேலை இல்லை. சாரங்கபாணி சன்னதித் தெரு வீட்டுத் திண்ணையில் சிலேட்டை வைத்துக்கொண்டு எழுதுவார், முழங்கையால் அழிப்பார், மறுபடி எழுதுவார். டியூஷன் எடுக்கப் போனால் சிலபஸை விட்டு எங்கேயோ போய்விடுவார், பையன்கள் நின்றுவிடுவார்கள். 1909இல் குளித்தலைப் பக்கம் ராஜேந்திரம் கிராமத்து ஜானகியோடு கல்யாணமும் ஆனது.

தோற்றாலும் விடாமல் உழைத்தார், ஜெயித்தார் என்று இதைச் சுருக்கிச் சொல்லும் பழக்கம் நமக்கு உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1910இலிருந்து நடந்தது வேற. கையில் நோட்டுப் புத்தகத்தோடு போய் நின்ற பையனை, திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த ராமசாமி ஐயர் உட்கார வைத்துப் பார்த்தார். அவர் இன்னொருவருக்குச் சொன்னார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துப் பார்த்துக்கொண்டார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை. அங்கே மேலதிகாரி நாராயண ஐயர் ராத்திரி மொட்டை மாடியில் அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார். சோறு போட்டவர்கள், திண்ணையில் படுக்க இடம் தந்தவர்கள் என்று ஒரு பெரிய கூட்டமே அவரைத் தாங்கியது. திறமை அவருடையதுதான். ஆனால் அந்த அஞ்சு வருஷம் அவர் தனி ஆள் இல்லை.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதியதும், 1914 மார்ச் 17 அன்று கப்பல் ஏறியதும் எல்லாருக்கும் தெரியும். அதே கப்பலில் சௌரி முத்து என்ற காசநோய் மருத்துவரும் போனார். பின்னாளில் தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கியவர் அவர்தான். லோக்கல் ட்ரெயினில் அந்த ஸ்டேஷன் பெயரைக் கேட்டிருப்பீங்க. மூன்று வருடம் கழித்து இருவரும் மறுபடி சந்திக்கப் போகிறார்கள், அப்போது ஒருவர் மருத்துவர், மற்றவர் நோயாளி.

ஏப்ரலில் போய் இறங்கினார், ஆகஸ்டில் முதல் உலகப் போர். கேம்பிரிட்ஜ் காலியானது. மாணவர்கள் போருக்குப் போனார்கள், லிட்டில்வுட் ராணுவ வேலைக்குப் போனார், டிரினிட்டி கல்லூரி வளாகத்திலேயே காயம்பட்டவர்களுக்கு மருத்துவமனை. ஊருக்குத் திரும்பக் கடல் பயணம் ஆபத்து. மூன்று மாதத்தில் முடியும், ஆறு மாதத்தில் முடியும் என்று தள்ளிக்கொண்டே போன போர். இந்தத் தேதி தள்ளிப்போகும் வித்தையை லாக்டவுன் 1.0, 2.0 பார்த்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சைவச் சாப்பாடு. அறையிலேயே தானே சமைத்தார். ஊரிலிருந்து பொடியும் புளியும் பார்சலில் வர வேண்டும், போரில் அதுவும் தட்டுத் தடுமாறித்தான் வந்தது. கணக்கில் மூழ்கினால் சாப்பாட்டு நேரம் மறந்துபோகும். ராத்திரி பகல் மாறிப்போனது. ஒரு குளிர்காலத்தில் அவர் அறைக்குப் போன மகலனோபிஸ், மனுஷன் கம்பளிகளுக்கு மேலேயே படுத்துக் குளிரில் கஷ்டப்படுவதைத் தெரிந்துகொண்டு, அவற்றை விரித்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். ராமானுஜன் யாரிடமும் கேட்கவில்லை. கேட்காத இந்தப் பழக்கம்தான் எனக்கு இந்த வாழ்க்கையிலேயே பெரிய பயம்.

ஆரம்பத்தில் மாதத்துக்கு மூன்று நான்கு கடிதம் வீட்டுக்கு எழுதியவர், மெல்லக் குறைத்து, 1917இல் கிட்டத்தட்ட நிறுத்தியே விட்டார். ஊரில் அம்மாவுக்கும் ஜானகிக்கும் ஆகவில்லை. ஜானகி எழுதிய கடிதங்கள் அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. மாமியார் அவற்றை நிறுத்தினார் என்று ஜானகி பிற்பாடு சொல்லியிருக்கிறார். மனைவி ஏன் எழுதவில்லை என்று இவர் அங்கே, அவர் ஏன் எழுதவில்லை என்று அந்தப் பெண் இங்கே. ஹார்டி அனேகமாக தினமும் அவரைப் பார்த்தார், பேசினார், எல்லாம் கணக்கு. வீட்டில் ஏதோ பிரச்சினை இருக்கு என்பதே அவருக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது. அக்கறை இல்லாத ஆள் இல்லை அவர். நல்ல கைடாக இருப்பதும் ஒரு மாணவனின் மனசு தெரிவதும் வேறு வேறு.

1917 வசந்தத்தில் உடம்பு விழுந்தது. காசநோய் என்று வைத்தியம் நடந்தது. கல்லீரலில் அமீபா தொற்றாக இருந்திருக்கலாம் என்று 1994இல் யங் என்பவர் எழுதினார். அதாவது என்ன நோய் என்றே உறுதியாகத் தெரியாமல் மூன்று வருடம். ஒரு சானடோரியத்திலிருந்து இன்னொன்று. குளிர்காற்றே மருந்து என்று ஜன்னலைத் திறந்து வைக்கும் வைத்தியம், ஈரோட்டில் பிறந்த உடம்புக்கு. அந்த வருடம் டிரினிட்டி ஃபெலோஷிப்பும் கிடைக்கவில்லை.

1918 தொடக்கத்தில் லண்டனில் அவர் தன் உயிரை முடித்துக்கொள்ள முயன்றார். ஒரு காவலாளி கவனித்ததால் பிழைத்தார். போலீஸ் கைது செய்தது, காரணம் இங்கிலாந்தில் அது 1961 வரை குற்றம். ஹார்டி போய்ப் பேசி மீட்டார். நம் நாட்டிலும் 2017 மனநலச் சட்டம் வந்த பிறகுதான், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர், தண்டனைக்குரியவர் இல்லை என்ற நிலை வந்தது. இதை எழுதலாமா என்று ஆசிரியர் குழுவில் கொஞ்சம் விவாதம் நடந்தது. எழுதித்தான் ஆகணும் என்று முடிவானது. அதோடு சேர்த்து 14416 என்ற எண்ணையும் போடச் சொன்னார்கள். டெலி மானஸ், இலவசம், இருபத்து நாலு மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104ம் உண்டு. ராமானுஜனுக்கு லண்டனில் தமிழில் பேச அப்படி ஒரு குரல் இல்லை.

மே மாதம் ராயல் சொசைட்டி ஃபெலோ, அக்டோபரில் டிரினிட்டி ஃபெலோ. மீண்டும் நன்றாக எழுத ஆரம்பித்தார். 1729 டாக்ஸி கதை உண்மையில் பட்னியில் நோயாளியாகப் படுத்திருந்தவரை ஹார்டி பார்க்கப் போனபோது நடந்தது. நாம அந்தக் கட்டிலை விட்டுட்டு எண்ணை மட்டும் சொல்றோம். பார்க்க வந்தவருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை, டாக்ஸி நம்பரைச் சொன்னார். அதுவே போதுமானதாக இருந்தது.

அந்த இலையுதிர் காலத்தில்தான் இன்ஃப்ளுயன்ஸா உலகைச் சுற்றியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேல் இறந்தார்கள். 1919 மார்ச்சில் பம்பாயில் அவர் இறங்கியபோது, நாடு அந்தச் சாவிலிருந்து இன்னும் எழவில்லை. சென்னையில் சில மாதம். பிறகு ஜூலையில் கொடுமுடி.

ஆமாங்க, நம்ம கொடுமுடி. இன்றைக்கு ஈரோடு மாவட்டம், அன்றைக்குக் கோவை மாவட்டம். காவிரிக் கரை, நல்ல காற்று. இரண்டு மாதம் இருந்தார். ஆவணி அவிட்டத்துக்கு ஆற்றுக்குப் போகக் கிளம்பியபோது ஜானகியையும் கூட்டிப்போக விரும்பினார். அம்மா வேண்டாம் என்றார். அவ வரட்டும் என்று ராமானுஜன் நின்றார். வாழ்நாள் முழுக்க அம்மா சொல்லைத் தட்டாதவர். கல்யாணமாகிப் பத்து வருடத்துக்குப் பிறகு அந்த இருவரும் உண்மையில் நெருக்கமாக இருந்தது இந்தக் கடைசி ஒரு வருடம்தான்.

பிறகு கும்பகோணம், பிறகு மறுபடி சென்னை, சேத்துப்பட்டு. படுக்கையில் இருந்தபடியே எழுதினார். 1920 ஜனவரியில் ஹார்டிக்குக் கடைசிக் கடிதம், மாக் தீட்டா சார்புகளைப் பற்றி. காகிதம் எடுத்துக் கொடுத்தது, வலிக்கு ஒத்தடம் கொடுத்தது எல்லாம் ஜானகி. 1920 ஏப்ரல் 26 அன்று இறந்தார், வயது 32. அந்தக் கடைசி மாதங்களின் தாள்கள் டிரினிட்டி நூலகத்தில் கிடந்து, 1976இல்தான் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணில் பட்டன.

ஜானகி தையல் கற்றுக்கொண்டு திருவல்லிக்கேணியில் தனியாக வாழ்ந்தார். ஒரு பையனைத் தத்தெடுத்து வளர்த்துப் படிக்க வைத்தார். 1994 வரை இருந்தார்.