எதிரணிக்கு கோச் அனுப்பிய மனுஷன்! - ரக்பி ‘டாக்டர்’ டேனி கிரேவன் கதை

1965 ஜூன் 19. ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க் மைதானம். ஒருபக்கம் தென்னாப்பிரிக்காவின் ஜூனியர் ஸ்பிரிங்பாக்ஸ். மறுபக்கம், ரக்பியில் பெரிய நாடுகள் கண்டுகொள்ளாத அர்ஜென்டினா. ஸ்கோர் 11-6. ஜெயிச்சது அர்ஜென்டினா!

இதில் ட்விஸ்ட் என்னன்னா, ஜெயித்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவரே ஒரு தென்னாப்பிரிக்கர்தான். இசாக் வான் ஹீர்டன், நேட்டால் அணியின் கோச். அவரை பியூனஸ் அயர்ஸுக்கு அனுப்பி வைத்தவர் தென்னாப்பிரிக்க ரக்பி போர்டின் தலைவர் டேனி கிரேவன். ஆமாம், தோற்ற டீமின் பாஸ்!

கிரேவன் 1910-ல் லிண்ட்லி பக்கம் பிறந்தவர். பாதிரியார் ஆகணும் என்று ஸ்டெல்லன்போஷ் யுனிவர்சிட்டிக்குப் போனார். அங்கே மானுடவியல் பக்கம் தாவி, கடைசியில் மூன்று டாக்டர் பட்டம் வாங்கினார். 1931-ல் 21 வயசிலேயே தேசிய அணியில் இடம். ஸ்க்ரமுக்குப் பின்னால் நின்று பந்தை எடுத்து வீசுகிற ஸ்க்ரம் ஹாஃப் அவர். உடம்பை அப்படியே காற்றில் பாய்ச்சி பந்தை வீசும் ‘டைவ் பாஸ்’ அவரால்தான் உலகம் முழுக்க ஃபேமஸ் ஆச்சு. 1938-ல் கேப்டனாக பிரிட்டிஷ் லயன்ஸை ஜெயித்தார். 1949-ல் கோச்சாக நியூசிலாந்தை 4-0 என்று சுத்தமாகத் துடைத்தார். 1956-ல் போர்டு தலைவர். அந்த நாற்காலியை விட்டு அவர் இறங்கவே இல்லை!

இப்போ ஜூனியர் ஸ்பிரிங்பாக்ஸுக்கு வருவோம். கிரிக்கெட்டில் இந்தியா ‘ஏ’ டீம் எதுக்குன்னு நமக்குத் தெரியும். உள்ளூரில் கலக்குபவர்களை நேராகப் பெரிய மேட்ச்சில் தள்ளிவிடாமல், நடுவில் ஒரு படி. ஆனால், அந்தப் படிக்கு எதிரணி வேண்டுமே? பலம் இல்லாத டீம் என்றால் பசங்க ஒண்ணும் கத்துக்க மாட்டாங்க. பெரிய நாடுகளோ செகண்ட் டீமோடு ஆட வராது. வளரத் துடிக்கிற நாடுதான் சரியான ஜோடி. ஜூனியர் ஸ்பிரிங்பாக்ஸ் 1932-லும் 1959-லும் அர்ஜென்டினாவுக்குப் போனது. ஆனால், ஒருதலைப்பட்சமாக ஜெயித்துக்கொண்டே இருந்தால் இரண்டு பேருக்குமே லாபம் இல்லை. அதனால்தான் எதிரணிக்கு கோச்! என்னைக் கேட்டால், கிரேவன் எடுத்த முடிவுகளிலேயே புத்திசாலித்தனமானது இதுதான்.

1965-ல் அர்ஜென்டினா தென்னாப்பிரிக்கா வந்தது. 16 மேட்ச், 11 வெற்றி, ஒரு டிரா. எல்லிஸ் பார்க்கில் மார்செலோ பாஸ்குவால் பந்தோடு காற்றில் நீச்சல் அடிப்பதுபோல் பாய்ந்து ட்ரை வைத்த போட்டோ, இன்றும் அந்த நாட்டு ரக்பியின் அடையாளம். அவர்கள் சட்டையில் இருந்தது ஜாகுவார். ஒரு தென்னாப்பிரிக்க நிருபர் அதை பூமா என்று தப்பாக எழுதிவிட, பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றுவரை அவர்கள் ‘லாஸ் பூமாஸ்’தான்! அதன்பிறகு 1968-ல் வேல்ஸ், 1969-ல் ஸ்காட்லாந்து, 1970-ல் அயர்லாந்து என்று வரிசையாக அர்ஜென்டினாவுக்குப் போய் அடிவாங்கின.

சரி, ஹீரோ கதையாக இங்கேயே முடித்துவிடலாம். ஆனால், முடியாது.

அந்த ஜூனியர் டீமில் வெள்ளையர் மட்டும்தான் ஆட முடியும். நிறவெறிச் சட்டங்கள் அப்படி. கறுப்பின மக்களும் கலப்பின மக்களும் தலைமுறை தலைமுறையாக ரக்பி ஆடிய நாடு அது. அவர்களுக்குத் தனி சங்கம், தனி மைதானம். அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் ஆட்களை வளர்க்க கோச் அனுப்பியவர், பத்து மைல் தள்ளி ஆடிக்கொண்டிருந்த பையனை செகண்ட் டீம் ட்ரையலுக்குக்கூடக் கூப்பிடவில்லை. அரசாங்கத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நகரலாம். ஆனால், பல வருஷம் கிரேவனும் அதோடு ஒத்துத்தான் போனார். கலப்பின வீரர் எரோல் டோபியாஸ் ஸ்பிரிங்பாக்ஸ் டெஸ்ட்டில் ஆடியது 1981-ல்தான்.

அதற்குள் உலகம் தென்னாப்பிரிக்காவை ஒதுக்கத் தொடங்கிவிட்டது. அர்ஜென்டினாவும் சொந்தப் பெயரில் அங்கே போக முடியாத நிலை. அதனால் ‘தென் அமெரிக்க ஜாகுவார்ஸ்’ என்ற பெயரில் போனார்கள். ஆடியவர்கள் பெரும்பாலும் அர்ஜென்டினாக்காரர்கள். 1982 ஏப்ரல் 3, புளூம்ஃபோன்டைன். இந்த முறை எதிரில் ஜூனியர் டீம் இல்லை, அசல் ஸ்பிரிங்பாக்ஸ். ஹ்யூகோ போர்ட்டா ஒருவரே 21 பாயின்ட்டும் எடுத்தார். 21-12. ஊட்டி வளர்த்த டீம் சீனியரையே சாய்த்துவிட்டது!

1988-ல் கிரேவன் ஒரு காரியம் செய்தார். தடை செய்யப்பட்டிருந்த ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தலைவர்களை ஹராரேவுக்குப் போய்ச் சந்தித்தார். அப்போது வயசு 78. அரசாங்கம் கொதித்தது. லேட்தான், ரொம்ப லேட். ஆனாலும் போனார். 1992-ல் வெள்ளையர் போர்டும் மற்றவர்களின் சங்கமும் ஒன்றாகின.

1993 ஜனவரி 4 அன்று ஸ்டெல்லன்போஷில் இறந்தார் கிரேவன். அவருடைய செல்ல நாய் பிளிக்சமோடு அவர் நிற்கிற சிலை அங்கே இருக்கிறது. பிளிக்சம் என்றால் ஆப்பிரிகான்ஸ் மொழியில் மின்னல்!

அதே வருஷம் நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் சீனியர் டீம் முதல்முறையாக அர்ஜென்டினாவோடு டெஸ்ட் ஆட பியூனஸ் அயர்ஸ் போய் இறங்கியது. ஸ்கோர் 29-26. தென்னாப்பிரிக்கா ஜெயித்தது, மூன்றே பாயின்ட் வித்தியாசத்தில்.