கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொண்ட ஜி.டி. நாயுடு

எஸ்.பி.எம். முடித்த மாணவர்களில் பலர் தொழில்திறன் கல்வியை இரண்டாந்தரமாக நினைக்கிறார்கள். சுபாங் ஜெயாவில் வாகனப் பழுதுபார்ப்பு கற்றுக்கொடுக்கும் நான், அவர்களுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் சொல்வது ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கையைத்தான்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23-ஆம் நாள் கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் பிறந்தார். பள்ளிக்கூடத்தில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. தொடக்க வகுப்புகளோடு படிப்பு நின்றது. ஒரு நாள் ஆங்கிலேய வருவாய் அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஓடிய அந்த வண்டி அவர் மனத்தைப் பிடித்துக்கொண்டது. கோவையில் ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்து பணம் சேர்த்தார். 300 ரூபாய் கொடுத்து அந்த வண்டியையே வாங்கினார். ஓட்டி மகிழ்ந்ததோடு நிற்காமல், ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றி, எது எதற்கு என்று புரிந்துகொண்டு மீண்டும் பூட்டினார். அவருக்குப் பொறியியல் கல்லூரி அதுதான்.

பருத்தித் தொழிலில் சம்பாதித்ததைப் பம்பாய் வணிகத்தில் இழந்தார். ஆனாலும் சோர்ந்துவிடவில்லை. 1920-ல் ஒரே ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அதுவே யூ.எம்.எஸ். நிறுவனமாக வளர்ந்தது, 1933 வாக்கில் 280 பேருந்துகள் ஓடின. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து இந்தியாவிலேயே மின்மோட்டார் உருவாக்கியவரும் இவரே. மின்சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெய் விசிறி என அவர் கைபட்டவை பல.

கழற்றும் முன் புரிந்துகொள்வது, பூட்டிய பின் சரிபார்ப்பது. இந்தப் பழக்கம் இன்றைய கார்களுக்கும் பொருந்தும். கியர்பாக்ஸ் பழுதுபார்த்துத் திரும்பிய கார் ஒன்று எங்களிடம் வந்தது. பேட்டரி விளக்கு எரிந்தது. கியரும் ஒரே நிலையில் சிக்கி நின்றது. ஆல்டர்னேட்டரை மாற்ற வேண்டும், கியர்பாக்ஸை மறுபடியும் இறக்க வேண்டும் என்று உரிமையாளருக்குச் சொல்லப்பட்டிருந்தது. இரண்டுக்கும் ஆயிரக்கணக்கான ரிங்கிட் ஆகும்.

எங்கள் மாணவர் ஒருவர் முதலில் மீட்டரை எடுத்தார். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் ஏறத்தாழ 14 வோல்ட் இருக்க வேண்டும், 12.2 தான் இருந்தது. ஆனால் ஆல்டர்னேட்டரிலேயே அளந்தபோது 14.2 வந்தது. அப்படியானால் மின்சாரம் உற்பத்தியாகிறது, வழியில் தொலைகிறது. இன்ஜின் உடம்புக்கும் பேட்டரியின் நெகடிவ் முனைக்கும் இடையே அளந்தார். 2 வோல்ட் காட்டியது. கியர்பாக்ஸை இறக்கியபோது கழற்றிய எர்த் கேபிள் சரியாக முறுக்கப்படவில்லை. அதன் முனையில் அழுக்கும் படிந்திருந்தது. மின்னழுத்தம் குறைந்ததால் கியரைக் கட்டுப்படுத்தும் கணினி பாதுகாப்பு நிலைக்குப் போயிருந்தது. முனையைச் சுத்தம் செய்து இறுக்கியதும் இரண்டு கோளாறும் நீங்கின. புதிய பாகம் எதுவும் தேவைப்படவில்லை.

இப்படி அளந்து, யோசித்து வேலை செய்யும் இளைஞர்கள் பெருக வேண்டும் என்றே நாயுடு விரும்பினார். 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்வி நிலையம் உருவாகக் காரணமாக இருந்து, அதன் முதல்வராகவும் பொறுப்பேற்றார். நான்காண்டுப் படிப்பை இரண்டாண்டிலேயே கற்பித்துவிடலாம் என்பது அவர் கருத்து. அரசு அதை ஏற்காததால் பதவியை விட்டார். 1974 ஜனவரி 4-ஆம் நாள் காலமானார்.

படிப்பு வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். அந்த மாணவருக்குக் கைகொடுத்தது ஐந்தாம் படிவ இயற்பியலில் படித்த மின்னழுத்தப் பாடம்தான். நாயுடு அதைத் தாமே தேடிக் கற்க வேண்டியிருந்தது. உங்களுக்குப் புத்தகமும் இருக்கிறது, பட்டறையும் இருக்கிறது. எந்தத் துறைக்குப் போனாலும், ஒரு பொருளை மாற்றச் சொல்லும் முன் அது ஏன் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடியுங்கள்.