நோயாளரைத் தேடிச் சென்ற அடிகளார்

வலப்பனைத் தோட்டத்திற்கு நடமாடும் வைத்திய முகாம் வருகிறதென்றால் லயமே காத்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். இம்மலைநாட்டில் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நோயாளரைத் தேடிச் சென்றவர் புனித யோசேவாஸ் அடிகளார். கோவாவில் 1651இல் பிறந்து, 1687இல் இலங்கைக்கு வந்த அவரை, 1692இல் ஒற்றரென ஐயுற்றுக் கண்டியில் சிறையிட்டனர். அதே கண்டியில் 1697இல் பெரியம்மை பரவியது. அரசனும் நகரைவிட்டு அகன்றான். அம்மை கண்டோரை உறவினரே காட்டில் கைவிட்டனர். அடிகளாரோ தம் உறவினரான கர்வாலோ அடிகளாருடன் அவர்களுக்குக் குடிசைகள் அமைத்தார். நாள்தோறும் சென்று உணவூட்டினார், புண்களைக் கழுவினார், இறந்தோரை அடக்கம் செய்தார். எவருடைய சமயத்தையும் கேட்கவில்லை. அம்மைத் தடுப்பூசி வருவதற்கு இன்னும் நூறாண்டு இருந்தது என்பதையும் எண்ணிப் பாருங்கள்! தம்மைச் சிறையிட்ட அந்நகரிலேயே, 1711 ஜனவரி 16ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.