சிரிக்காத முகம்

ஊமைப்படக் காலத்தில் உலக மக்களைச் சிரிக்க வைத்த கலைஞர்களுள் ஒருவர் பஸ்டர் கீட்டன். பேச்சொலி இல்லாத அக்காலத்துக் குறும்படங்களில் விழுவதும் மோதுவதும் துரத்துவதுமே நகைச்சுவையாக அமைந்தன. அவ்வாறு விழுந்து சிரிக்க வைத்த நடிகர் பலர். ஆனால் கீட்டன் விழும்போது அவர் முகத்தில் சிரிப்பும் தோன்றாது, அழுகையும் தோன்றாது. அந்த முகம் சிறுவயதிலேயே மேடையில் பழகியது.

1895ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் பிக்குவா என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். இயற்பெயர் ஜோசப் பிராங்க் கீட்டன். தந்தை ஜோவும் தாய் மைராவும் ஊர் ஊராகச் சென்று மேடை நிகழ்ச்சி நடத்தி வந்தனர். பயண வழியில் தங்கிய ஊர் என்பதைத் தவிர, அக்குடும்பத்துக்கும் பிக்குவாவுக்கும் வேறு தொடர்பு இல்லை. குழந்தை மாடிப்படிகளில் உருண்டு விழுந்தும் காயமின்றி எழுந்ததாம். விழுதலைக் குறிக்கும் மேடை வழக்குச் சொல்லாகிய பஸ்டர் என்பது அன்று முதல் அவருக்குப் பெயராயிற்று என்று குடும்பத்தார் கூறி வந்தனர்.

ஐந்து வயதளவில் அவரும் பெற்றோருடன் மேடை ஏறினார். அடங்காத பிள்ளையைத் தந்தை கண்டிப்பதே நிகழ்ச்சியின் கரு. தந்தை மகனைத் தூக்கித் திரைச்சீலைகளின் மீது எறிவார். சில நேரம் இசைக்குழுவினர் அமர்ந்திருக்கும் பள்ளத்திலும் எறிவார். பிடித்துத் தூக்க வசதியாகச் சிறுவனின் உடையில் பெட்டியின் கைப்பிடி ஒன்று தைக்கப்பட்டிருந்தது. இன்று இதனைப் படிப்போர்க்கு இது கொடுமையாகவே தோன்றும். அன்றும் பலருக்கு அவ்வாறே தோன்றியது. குழந்தைகள் நலச் சங்கத்தினர் முறையிட்டனர். அதிகாரிகள் சிறுவனின் உடலில் காயம் உண்டா என்று ஆராய்ந்து பார்த்தனர். ஆனால் உடலைத் தளர்த்தி, கையையோ காலையோ முன்னே ஊன்றி, அடிபடாமல் விழும் முறையைச் சிறுவன் அதற்குள் கற்றிருந்தான். மற்றொன்றையும் அவன் கண்டுகொண்டான். விழுந்த பின் தான் சிரித்தால் அரங்கில் சிரிப்பு குறைந்தது; முகத்தை அசைக்காமல் நின்றால் சிரிப்பு பெருகியது. அன்றிலிருந்து அவன் மேடையில் சிரிப்பதை விட்டான்.

கீட்டன் பிற்காலத்தில் தந்தையைக் குறை கூறியதில்லை. எனினும் தந்தையின் குடிப்பழக்கம் முற்றியபோது மேடை விளையாட்டு உண்மையிலேயே ஆபத்தாயிற்று. 1917இல் தாயும் மகனும் அவரை விட்டுப் பிரிந்தனர்.

அவ்வாண்டு நியூயார்க்கில் ராஸ்கோ ஆர்பக்கிள் என்னும் புகழ்பெற்ற திரை நகைச்சுவை நடிகரைக் கீட்டன் சந்தித்தார். ஆர்பக்கிளின் குறும்படத்தில், வெல்லப்பாகு வாங்கக் கடைக்கு வரும் ஒருவராக நடித்தார். பாகு தொப்பியில் ஒட்டும். பின்னர்க் கால் தரையில் ஒட்டும். ஆளின் முகமோ மாறாது. அதுவே அவரது முதல் படம். படம்பிடிக்கும் கருவி எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிய அவர் பேரார்வம் காட்டினார். வாரம் 250 டாலர் தருவதாக இருந்த மேடை வாய்ப்பைக் கைவிட்டு, 40 டாலர் ஊதியத்தில் திரைப்படத்தில் சேர்ந்தார்.

1920 முதல் 1923 வரை அவர் தம் சொந்தப் படப்பிடிப்புக் கூடத்தில் 19 குறும்படங்களை உருவாக்கினார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ இருபது நிமிடம் ஓடும். அவற்றுள் முதலில் வெளிவந்தது, ஒரு வாரத்தில் வீடு கட்ட முயலும் புதுமணத் தம்பதியரின் கதை. பெட்டிகளில் வந்த பகுதிகளை எண் வரிசைப்படி பொருத்தினால் வீடு எழுந்துவிடும். பொறாமை கொண்ட ஒருவன் எண்களை மாற்றி எழுதிவிடுகிறான். வீடு கோணலாக எழுகிறது; புயலில் பம்பரம்போலச் சுழல்கிறது. சுழலும் மேடை ஒன்றின்மீது உண்மையான வீட்டையே கட்டி அக்காட்சியை எடுத்தனர். இறுதியில், இழுத்துச் செல்லப்படும் வீடு இருப்புப்பாதையில் சிக்கிக்கொள்கிறது. தொடர்வண்டி விரைந்து வருகிறது. இருவரும் கண்களை மூடிக்கொள்கின்றனர். வண்டியோ பக்கத்துத் தண்டவாளத்தில் சென்றுவிடுகிறது. அவர்கள் நிம்மதி அடைந்த அதே நொடியில், எதிர்த்திசையிலிருந்து வரும் மற்றொரு வண்டி வீட்டைச் சுக்குநூறாக்குகிறது.

வேறொரு படப்பிடிப்பில் நகரும் படிக்கட்டில் சிக்கி அவரது கணுக்கால் முறிந்தது. விழ முடியாத நிலையில், விழாமலே வியக்க வைக்கும் படம் ஒன்றை 1921இல் எடுத்தார். நாடக அரங்கின் நடிகர்கள், இசைக்குழுவினர், பார்வையாளர்கள் என எல்லாரும் அவரே. மேடையில் ஒரே வரிசையில் ஒன்பது கீட்டன்கள் தோன்றுவர். கருவியின் முன் மூடிகளைப் பொருத்தி, ஒரு பகுதியை மட்டும் திறந்து ஒருவராக நடிப்பார். பின்னர்ப் படச்சுருளைத் தொடக்கத்துக்குச் சுற்றி, அடுத்த பகுதியைத் திறந்து மீண்டும் நடிப்பார். கருவியைக் கையால் சுழற்றிய எல்ஜின் லெஸ்லி ஒரு சுற்றுப் பிசகியிருந்தாலும் ஒன்பது பேரின் ஆட்டமும் குலைந்திருக்கும்.

பின்னர் அவர் நெடும்படங்கள் எடுத்தார். 1924இல் ஒரு காட்சியில் நீர்த்தொட்டிக் குழாயிலிருந்து கொட்டிய வெள்ளம் அவரைத் தண்டவாளத்தின்மீது வீழ்த்தியது. கழுத்தெலும்பு முறிந்திருந்ததைப் பல ஆண்டுகள் கழித்தே மருத்துவர் கண்டறிந்தார். 1928இல் பெரிய நிறுவனம் ஒன்றில் சேர்ந்ததும், தம் விருப்பப்படி படமெடுக்கும் உரிமையை இழந்தார். தந்தையைக் கெடுத்த குடியே மகனையும் பற்றியது, வேலை போயிற்று, மணவாழ்வும் முறிந்தது. மெல்ல மீண்டு, பிறர் படங்களுக்கு நகைச்சுவைக் காட்சிகள் அமைத்துக் கொடுத்து வாழ்ந்தார். 1950களில் பழைய படங்கள் மீண்டும் திரையிடப்பட்டபோது புதிய தலைமுறை அவரைக் கண்டுகொண்டது.

1964இல் கனடா நாட்டினர், உரையாடல் இல்லாத குறும்படம் ஒன்றில் நடிக்க அவரை அழைத்தனர். சிறிய மோட்டார் டிராலியில் ஏறி நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரை வரை செல்லும் முதியவர் வேடம் அவருக்கு. விரித்த பெரிய வரைபடத்தில் சிக்கி, வழி தெரியாமல் உயரமான பாலத்தைக் கடப்பதாக ஒரு காட்சியைக் கீட்டன் அமைத்தார். ஆபத்து என்று இயக்குநர் தயங்கினார். கீட்டனுக்குக் கோபம் வந்தது. இறுதியில் அவர் விரும்பியவாறே காட்சி எடுக்கப்பட்டது. அப்போது அவர் எழுபது வயதை நெருங்கியிருந்தார். 1965இல் படம் வெளிவந்தது. 1966 பிப்ரவரி 1ஆம் நாள் கீட்டன் கலிபோர்னியாவில் காலமானார்.