அலைகளைக் கணித்தவர்

நுழையும்முன்

புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் செல்லும் சாலையில் உள்ளது மூலக்குளம். மாலைநேரத்தில் அங்கே பேருந்துக்காகக் காத்திருக்கும் மாணவி ஒருத்தி அலைபேசியில் தாயிடம் பேசுகிறாள். வண்டிகளின் இரைச்சல் அவளைச் சூழ்ந்திருக்கிறது. ஆயினும் மறுமுனையில் தாயின் காதுக்கு மகளின் குரல் தெளிவாகவே எட்டுகிறது. குரலை விட்டுவிடாமல் இரைச்சலை மட்டும் குறைக்கும் வேலையைச் செய்வது அக்கருவிக்குள் ஓடும் ஒரு கணக்கு. பொறியியல் கல்லூரிகளில் புள்ளியியல்சார் இலக்கச் சைகைச் செயலாக்கம் என்னும் பெயரில் உயர்நிலைப் பாடமாக விளங்கும் அத்துறைக்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவர் நார்பர்ட் வீனர். அவரது வாழ்க்கையைக் கூறுகிறது இப்பாடம்.

கண்ணுக்குத் தடை, கருத்துக்கு இல்லை

நார்பர்ட் வீனர் 1894ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள கொலம்பியா நகரில் பிறந்தார். தந்தை லியோ வீனர் பன்மொழிப் புலவர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்லாவிய மொழிகளைக் கற்பித்தவர். தால்சுதாயின் படைப்புகளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். மகனுக்கு முதல் ஆசிரியரும் அவரே. இயற்கணிதமும் மொழிகளும் வீட்டிலேயே கற்பிக்கப்பட்டன. பாடத்தில் பிழை நேர்ந்தால் தந்தையின் குரல் உயரும், சொல் சுடும், பாடம் பெரும்பாலும் மகனின் கண்ணீரில்தான் முடியும்.

எட்டு வயதில் சிறுவனின் கண்பார்வை மங்கத் தொடங்கியது. ஆறு மாத காலம் எதையும் படிக்கக் கூடாது என்று மருத்துவர் தடை விதித்தார். புத்தகமே உலகமாக இருந்த பிள்ளைக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேறில்லை. ஆனால் பாடம் நிற்கவில்லை. பிறர் படிக்கக் கேட்டும், சொல்லக் கேட்டும், எழுதுகோலைத் தொடாமல் மனத்துக்குள்ளேயே கணக்கிட்டும் அவர் கற்றார். நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடியை வாய்மொழியாக ஒப்பித்து மனத்தில் பதித்ததை இங்கு நினைத்துக்கொள்ளலாம். அந்த ஆறு மாதம் அவருக்குள் ஒரு பழக்கத்தை ஊன்றிவிட்டது. நீண்ட கணக்குகளை எழுதாமலேயே நடத்திச் செல்லும் ஆற்றல் இறுதிவரை அவரிடம் இருந்தது. கண் முழுமையாகத் தேறவே இல்லை.

பதினோராம் வயதில் பள்ளிப்படிப்பு முடிந்தது. பதினான்காம் வயதில், 1909இல், டஃப்ட்ஸ் கல்லூரியில் பட்டம் பெற்றார். விலங்கியல் ஆய்வில் ஈடுபட விரும்பி ஹார்வர்டில் சேர்ந்தார். மங்கிய கண்ணும் லாவகமற்ற கைகளும் ஆய்வகப் பணிக்கு ஒத்துழைக்கவில்லை. அந்த ஆசை அங்கேயே முடிந்தது. பின்னர் மெய்யியலுக்கு மாறி, கணிதத் தருக்கத்தில் ஆய்வுசெய்து 1913இல் முனைவர் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது பதினெட்டு.

இவ்வளவு விரைவு ஊராரை வியக்க வைத்தது. பிள்ளைக்கோ அது பாரமானது. மகனின் வெற்றி தன் பயிற்சி முறையால் விளைந்ததே, அவன் இயல்பில் சிறப்பு ஏதுமில்லை என்ற கருத்தைத் தந்தை இதழ் ஒன்றில் வெளிப்படுத்தினார். பிற்காலத்தில் அதைப் படித்த மகனின் மனம் நொந்தது. வெற்றி பெற்றால் பெருமை தந்தைக்கு, தோற்றால் குறை தனக்கு என்றாகிவிட்டதே என அவர் நெடுநாள் வருந்தினார். முதிர்ந்த வயதில் எழுதிய தன்வரலாற்றிலும் அந்த வடு மறையவில்லை. தந்தையிடம் கொண்ட நன்றியும் குறையவில்லை.

கேம்பிரிட்ஜில் ஓராண்டு

முனைவர் பட்டம் பெற்ற அதே ஆண்டு வீனர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். தருக்கம் பயில வந்தவரிடம், கணிதத்தை இன்னும் ஆழமாகக் கற்குமாறும் ஐன்ஸ்டைன் 1905இல் வெளியிட்ட இயற்பியல் கட்டுரைகளைப் படிக்குமாறும் பெர்ட்ரண்டு ரசல் அறிவுறுத்தினார். வாழ்க்கையின் திசையை மாற்றிய அறிவுரை அது. ஹார்டியின் வகுப்புகளிலும் வீனர் அமர்ந்தார். சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்த சீனிவாச இராமானுஜனின் மடலைப் பெற்று வியந்தவர் இதே ஹார்டிதான். அம்மடல் எழுதப்பட்டது 1913 சனவரியில். இராமானுஜன் இங்கிலாந்து மண்ணில் கால்வைத்தது 1914 ஏப்ரலில். ஏறத்தாழ ஒரே காலத்தில் ஓர் ஆசிரியரிடம் இருவேறு கண்டங்களின் இளைஞர்கள் இருவர் பயன்பெற்றனர்.

அதன்பின் ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஹில்பர்ட்டிடம் சிறிது காலம் பயின்றார். முதல் உலகப்போர் மூண்டது. அமெரிக்கா திரும்பியவருக்கு நிலையான வேலை அமையவில்லை. கலைக்களஞ்சியத்துக்குக் கட்டுரை எழுதினார், பீரங்கிக் குண்டின் பாதையைக் கணக்கிட்டார், செய்தித்தாளிலும் பணியாற்றினார். 1919இல் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் கணித ஆசிரியரானார். எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அவருக்கு அதுவே பணியிடம்.

ஆற்றின் அலையும் அதன் கணக்கும்

அந்நிறுவனம் சார்லஸ் ஆற்றங்கரையில் இருந்தது. சாளரத்தின் வழியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார் வீனர். நீர்ப்பரப்பு ஒருபோதும் ஒரேபோல் இருப்பதில்லை. ஆனாலும் அதில் ஏதோ ஓர் ஒழுங்கு உண்டு. அதை எந்தக் கணிதத்தால் எழுதுவது? இக்கேள்வி அவரை விடவில்லை. புதுச்சேரிக் கடற்கரையில் நின்று அலையைப் பார்த்தவர்களுக்கு இக்கேள்வி புரியும்.

ஒலி, வெப்பம், நாடித்துடிப்பு என, காலத்தோடு மாறிச் செய்தி ஒன்றைத் தாங்கிவரும் அளவை அறிவியலார் சைகை என்பர். வெப்பப் பரவலைப் பற்றி 1822இல் நூல் வெளியிட்ட பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே, சிக்கலான அலையையும் எளிய அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்று காட்டியிருந்தார். வீணையின் நாதம் போலத் திரும்பத் திரும்ப வரும் அலைக்கு அம்முறை பொருந்தும். ஒருமுறை எழுந்து அடங்கிவிடும் அலைக்கும் பொருந்தும். திரும்பியும் வராத, ஓய்ந்தும் போகாத இரைச்சலுக்கு அது அப்படியே பொருந்தவில்லை.

வீனர் வேறு வழியில் சென்றார். ஓர் அலைப்பதிவை எடுத்துக்கொண்டு, அதையே சற்றுக் காலம் தள்ளிவைத்து, இரண்டையும் ஒப்பிட வேண்டும். இந்த நொடியில் அலை உயர்ந்திருந்தால் அடுத்த நொடியிலும் உயர்ந்திருக்குமா? ஐந்து நொடி கழித்து? இவ்வாறு தன்னோடு தானே கொண்ட உறவைச் சராசரியாகக் கணக்கிடுவது தன்னொட்டுறவு எனப்படும். தனித்தனி அலையின் வடிவம் கணிக்க முடியாதது. ஆனால் இச்சராசரி நிலையானது. இதிலிருந்தே எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் உள்ளது என்று அறிந்துவிடலாம். 1930இல் வெளியான இவ்வாய்வு, பின்னர் உருசிய அறிஞர் கின்ச்சின் பெயரும் சேர்ந்து, வீனர்–கின்ச்சின் தேற்றமாகப் பாடநூல்களில் இடம்பெற்றது. அதற்கு முன்பே, நீரில் மிதக்கும் நுண்துகள் ஒழுங்கின்றி அலைவதாகிய பிரௌனியன் இயக்கத்துக்கு 1923இல் உறுதியான கணித வடிவம் தந்திருந்தார். ரசல் படிக்கச் சொன்ன கட்டுரைகளின் பயன் அது.

இத்தனை நுட்பமான மனிதர் அன்றாட வாழ்வில் மறதிக்குப் பேர்போனவர். கருத்தரங்கில் முன்வரிசையில் குறட்டைவிட்டு உறங்குவார். விழித்ததும் உரையின் மையத்தைத் தொடும் கேள்வி ஒன்றைக் கேட்பார்.

மஞ்சள் அட்டை நூல்

இரண்டாம் உலகப்போரில் வானூர்திகள் நகரங்களின் மீது குண்டு பொழிந்தன. விரைந்து பறக்கும் வானூர்தியைக் கீழிருந்து சுட வேண்டுமானால், குண்டு மேலே சென்றுசேரும் நேரத்தில் அது எங்கே இருக்கும் என்பதை முன்கூட்டியே அறிய வேண்டும். 1940இல் இப்பணியை ஏற்ற வீனர், ஜூலியன் பிகலோ என்ற பொறியாளருடன் உழைத்தார். அளவீட்டில் எப்போதும் பிழை கலந்திருக்கும். உண்மைப் பாதையின் புள்ளியியல் பண்பு ஒன்று, பிழையின் பண்பு வேறொன்று. இவ்விரண்டும் தெரிந்தால், கடந்தகால அளவுகளுள் எதற்கு எவ்வளவு மதிப்புத் தர வேண்டும் எனக் கணக்கிட்டு, பிழையின் வர்க்கச் சராசரி மிகக் குறைவாக இருக்கும்படி விடை காணலாம். இதுவே வீனர் வடிப்பான். 1942இல் மஞ்சள் அட்டையிட்ட மறைவு அறிக்கையாக இது பொறியாளர்களிடம் சென்றது. கணிதத்தின் கடுமையால் பலர் மிரண்டனர்.

போரில் இம்முறை பயன்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உண்மையான பறப்புப் பதிவுகளைக் கொண்டு சோதித்தபோது, எளிய முறைகளைவிட இது சிறிதளவே மேம்பட்டிருந்தது, திட்டம் கைவிடப்பட்டது. ஏறக்குறைய இதே காலத்தில் உருசியாவில் கொல்மகோரவும் தனித்து இக்கோட்பாட்டைக் கண்டிருந்தார். வீனர் அதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். 1949இல் அறிக்கை நூலாக வெளிவந்தது. அதில் நார்மன் லெவின்சன் எழுதிய பிற்சேர்க்கை, தொடர் அலைக்குரிய கணக்கை எண்களின் வரிசைக்குரியதாக எளிமையாக்கியது. கணிப்பொறி அறிந்தவை எண்களே அல்லவா? அலைபேசி நம் குரலைச் சுருக்கி அனுப்புவதில் லெவின்சனின் வழி இன்றும் கைகொடுக்கிறது.

மறுத்த கை

போரின் முடிவில் இரோசிமா, நாகசாகி நகரங்கள் அழிந்தன. அறிவியல் யார் கையில் சேர்கிறது என்ற கவலை வீனரை வாட்டியது. ஏவுகணை ஆய்வில் இருந்த ஒருவர் அவரது போர்க்கால அறிக்கையின் படி ஒன்றைக் கேட்டு எழுதியபோது, வீனர் தர மறுத்தார். அறியாத மக்களைக் கொல்ல உதவும் எதையும் இனி வெளியிடுவதில்லை எனவும் முடிவு செய்தார். அவரது மறுப்பு மடல் 1947 சனவரியில் ஓர் இதழில் வெளியாயிற்று. அறிவை ஒளிப்பது அறிஞருக்கு அழகா என்று கேட்டவர்கள் உண்டு. படைத்தவருக்கு அதன் பயனிலும் பொறுப்பு உண்டு என்று துணைநின்றவர்களும் உண்டு. அரசின் போர் ஆய்வுப் பணமும் அதனால் கிடைக்கும் செல்வாக்கும் அவருக்கு வேண்டாதவையாயின. 1948இல் பாரிசில் முதலில் பதிப்பிக்கப்பட்ட சைபர்நெட்டிக்ஸ் என்னும் நூல் அவரை உலகறியச் செய்தது. தானியங்கிப் பொறிகளால் தொழிலாளர் வேலையிழக்க நேரும் என்று அப்போதே எச்சரித்தார்.

கல்கத்தாவில்

மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் கல்கத்தாவில் இருந்தது. அங்கே 1955–56இல் வருகைதரு பேராசிரியராக வீனர் தங்கினார். இளமைமுதல் புலால் உண்ணாதவர் ஆகையால் இந்திய உணவு அவருக்கு இடையூறாக இருந்திருக்காது. நாட்டின் முதல் இலக்கக் கணிப்பொறி அந்நிறுவனத்துக்கு வந்துசேர்ந்ததும் அக்காலத்திலேதான். மும்பையைச் சேர்ந்த கணிதவியலார் பெசி மசானியும் வீனரும் கடினமான சிக்கல் ஒன்றில் இணைந்தனர். ஒரே அலையை முன்கணிப்பது முடிந்த கதை. மழையும் காற்றும் ஆற்றுநீரும் போல ஒன்றையொன்று பாதிக்கும் பல அலைகளைச் சேர்த்து முன்கணிப்பது எப்படி? விடையை இருவரும் 1957, 1958 ஆண்டுகளில் இரண்டு நீண்ட கட்டுரைகளாக வெளியிட்டனர்.

1964 தொடக்கத்தில் அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் பதக்கம் வீனருக்கு வழங்கப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சு 18ஆம் நாள் சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் இதயம் நின்று உயிர்நீத்தார். அலைகளைக் கணிப்பொறியில் விரைவாகப் பிரித்தறியும் கூலி–டூக்கி வழிமுறை வெளிவந்தது அதற்கு அடுத்த ஆண்டில். வீனரின் கட்டுரைகளை எல்லாம் திரட்டி, விளக்கங்களுடன் நான்கு பெருந்தொகுதிகளாகப் பதிப்பித்தவர் மசானி.